அண்ணன் முன்னால் சொன்ன வருமானம்

சரவணா,

நீ போனில் அனுப்பிய விண்ணப்பப் படிவத்தைப் பிரின்ட் எடுக்கப் போனேன். ஜெராக்ஸ் கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுசாகப் படித்துப் பார்த்தார். "இன்னாம்மா இது, உன் புள்ள தனியா ஒரு கவர்மென்ட்டு நடத்திகினு கீறானா?" என்று கேட்டார். "அவனும் அவன் தோஸ்துங்க நாலு பேரும் மாசாமாசம் சம்பளத்துல ஒதுக்கி, நம்ம தெருப் புள்ளைங்கள காலேஜுக்கு அனுப்பப் போறாங்க" என்றேன். மனிதர் பதினைந்து பிரதிக்கும் காசு வாங்கவில்லை. படிவத்தின் மேலே நம் தெருவின் பெயர், கீழே உங்கள் ஐந்து பேரின் கையெழுத்து. உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. காசிமேடு துறைமுகத்தில் ஐஸ் பார் சுமந்த கை அது. இன்று கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி இன்ஜினியர் கை. நான் பெற்றதிலேயே பெரிய சந்தோஷம் எது என்று யாராவது கேட்டால், நீ பட்டம் வாங்கிய நாளைச் சொல்ல மாட்டேன். இந்தப் படிவம் வந்த நாளைத்தான் சொல்வேன். பட்டம் வாங்குகிற பிள்ளைகள் நிறையப் பேர். வாங்கிவிட்டு வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் பேசினால் நீ நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்பாய், எனக்கும் பாதியில் தைரியம் போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதும் கடிதமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஐந்து பேரும் பேசி, யாருக்குப் பணம் கொடுப்பது என்று முடிவு செய்யப் போவதாகச் சொன்னாய். அதற்கு முன்னால் இதை மற்ற நால்வருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. நடுவில் வெட்கமாக இருந்தாலும் நிறுத்தாதே. வெட்கப்பட வேண்டியது நீ இல்லை, நான்.

படிவங்களைக் கொடுக்கச் சொல்லிவிட்டாய் அல்லவா, அந்த வேலையை நான் செய்த லட்சணத்தை முதலில் கேள். மறுநாள் சாயங்காலம் தண்ணி லாரி வந்த நேரம். தெருவே குடத்தோடு நின்றது. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறார்களே என்று நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெரிய ஆபீசர் மாதிரி உட்கார்ந்துவிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, படிப்பு என்ன, அப்பா என்ன வேலை, மாசம் எவ்வளவு வரும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு நானே நிரப்பினேன். முப்பது வருஷமாகச் சத்துணவுக் கூடத்துப் பதிவேடு எழுதிய கை, நிறுத்த முடியவில்லை. அப்போதுதான் தேவி வந்தாள். மூன்று வீடு தள்ளி இருக்கிறாளே, மீன் கூடை தூக்குகிற தேவி, அவள்தான். அவள் மகள் ஷாலினி போன வருஷம் ப்ளஸ் டூ முடித்தாள். நம் பள்ளியில் படித்த பெண், என் கையால் முட்டை வாங்கித் தின்றவள். இந்த வருஷம் பி.காம். சேர இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தேவியின் புருஷன் கன்டெய்னர் யார்டில் காலில் அடிபட்டு இரண்டு வருஷமாக வேலைக்கு ஒழுங்காகப் போவதில்லை என்பதும், ஷாலினி இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதும் தெரியும். தெரிந்தும், அத்தனை பேர் நடுவில், "தேவி, உன் வூட்டுக்காரரு மாசம் எவ்ளோ கொண்டாந்து குடுக்கிறாரு?" என்று கேட்டேன்.

தேவியின் நாத்தனார் பக்கத்தில்தான் குடத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தேவி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நமக்கு எதுக்குக்கா இதெல்லாம்? அவரு நல்லாத்தான் சம்பாரிக்கிறாரு. கஷ்டப்படற புள்ளைங்களுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வெற்றுப் படிவத்தை என் மடியிலேயே வைத்தாள். ஷாலினி குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கும் துணிச்சல் வரவில்லை. தேவி சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றும் எனக்குப் பழக்கமானவை. ஏனென்றால் அதே வார்த்தைகளை நானும் ஒருநாள் சொல்லியிருக்கிறேன். இனி உன்னிடம் பத்து வருஷமாகச் சொல்லாமல் இருந்ததைச் சொல்கிறேன்.

நீ ப்ளஸ் டூ தேறிய அந்த மே மாதத்தை நினைத்துப் பார். தடைக்காலம். கடலுக்குப் போகக் கூடாது என்பதால் போட்டெல்லாம் கட்டிக் கிடந்தது. அப்பா வீட்டில் இருந்தார். உனக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்திருந்தது. அந்தக் கல்லூரியை நடத்துகிற அறக்கட்டளை, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு முழுக் கட்டணமும் தானே ஏற்கும் என்றார்கள். அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பித்தோம். விசாரிக்கத் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். நீ அப்போது நண்பர்களோடு வெளியே போயிருந்தாய். வீட்டில் இருந்திருந்தால் என் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். அன்று பார்த்து உன் மாமா, என் அண்ணன், நீ பாஸ் ஆன சந்தோஷத்தில் பால்கோவா டப்பாவோடு காலடிப்பேட்டையிலிருந்து வந்து நம் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

உன் மாமாவைப் பற்றி உனக்குத் தெரியும். நல்லவர்தான். துறைமுகத்தில் நிரந்தர வேலை, சொந்த வீடு. ஆனால் நான் உன் அப்பாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று நின்றபோது, "மாசம் இவ்ளோன்னு ஒரு சம்பளம் கெடயாது, கடலு குடுத்தாதான் சோறு. நாளைக்கு என் வாசல்ல வந்து நிக்காத" என்று சொன்னவர். அந்த ஒரு வார்த்தைக்காக இருபது வருஷம் அவர் எதிரில் நான் குறை என்று எதையும் காட்டியதில்லை. அவர் வருகிற அன்று வீட்டில் கறி இருக்கும், அதற்கு முன்னால் மூன்று நாள் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அன்றும் வந்து உட்கார்ந்ததும், "இன்னா மாப்ள, ரெண்டு மாசம் வூட்லயே ரெஸ்ட்டா?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். அப்பாவும் சிரித்தார். எனக்கு மட்டும் உள்ளே எரிந்தது. சரியாக அந்த நேரத்தில் ஆபீஸர் வாசலில் நின்று, "மாச வருமானம் எவ்வளவும்மா?" என்றார்.

அப்பா பேச வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "நாப்பதாயிரம் சார். சில மாசம் அதுக்கு மேலயும் வரும். எங்களுக்கு ஒண்ணும் குறை இல்ல" என்றேன். முந்தின வருஷம் ஒரே ஒரு மாதம், கடல் வஞ்சிரத்தை அள்ளிக் கொடுத்த மாதத்தில், அப்பா பங்கு அவ்வளவு வந்தது. அந்த ஒரு மாதத்தை எடுத்துப் பன்னிரண்டு மாதத்துக்கும் வைத்துவிட்டேன். அந்த மனிதர் பேனாவை நிறுத்திவிட்டு அப்பாவின் பனியனைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியே எழுதிடவாம்மா?" என்று இரண்டாம் முறையும் கேட்டார். "எழுதிக்குங்க சார்" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் கிளம்பிப் போன பிறகு, அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "அவன் முன்னாடி நீ என்னை வுட்டுக்குடுக்கல. அது போதும் எனக்கு" என்றார். இருபது வருஷத்தில் அவர் முகத்தில் நான் அப்படி ஒரு நிறைவைப் பார்த்ததில்லை. அதன் பிறகு நான் எப்படி ஆபீஸுக்குப் போய், "நான் சொன்னது பொய், என் சத்துணவுச் சம்பளத்தை விட்டால் எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை" என்று சொல்வேன்? நாளை போகலாம், நாளை மறுநாள் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். சான்றிதழ் வந்தது. அறக்கட்டளை உன் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. திருத்தி வாங்குவதற்குள் பணம் கட்டும் தேதி தாண்டிவிட்டது. நீ அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாம்மா இது, எவனோ ஒரு கிளார்க்கு சைபர கூட சேத்துப் போட்டுட்டான்மா!" என்று கத்தினாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "ஆமாண்டா" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் உனக்குச் செய்த பெரிய துரோகம். அண்ணன் முன்னால் சொன்ன பொய்யைக்கூட ஆண்டவன் மன்னித்துவிடுவான் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் நீ ஐஸ் சுமந்தாய். விடியற்காலையில் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போவாய், வரும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்து மரத்துப் போயிருக்கும். சோற்றைப் பிசைய முடியாமல் கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உன்னோடு படித்தவர்கள் கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதே வழியாகப் பஸ்ஸுக்குப் போவார்கள். நீ அவர்களிடம் சிரித்துப் பேசிவிட்டுத்தான் வருவாய். ஒருநாளும் எங்களைக் குறை சொல்லவில்லை. கிளார்க்கைத்தான் திட்டுவாய். அடுத்த வருஷம் அப்பா என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக ஆபீஸுக்குப் போனார். அதே மனிதர்தான் இருந்தாராம். "கடலுக்குப் போனா வரும் சார், போவலன்னா வராது. தடைக்காலத்துல ஒண்ணுமே கெடயாது" என்று உள்ளதைச் சொன்னாராம். அந்த மனிதர் ஒரு வார்த்தை பழையதைக் கிளறாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, "உங்க வீட்டம்மா நல்லா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாராம். அந்தச் சான்றிதழில்தான் நீ இன்ஜினியர் ஆனாய். நீ திட்டிக்கொண்டே இருக்கிற கிளார்க் அவர்தான்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், உன் படிவத்தின் கடைசியில் நீ எழுதிய குறிப்பைப் படித்தேன். "ஒரு அலுவலரின் கவனக்குறைவால் எங்களில் ஒருவர் ஓராண்டை இழந்தார். எனவே எல்லா விவரங்களும் உரிய சான்றுகளோடு இருக்க வேண்டும். விதிவிலக்குக் கிடையாது" என்று எழுதியிருக்கிறாய். என் பொய்யை அஸ்திவாரமாகப் போட்டு நீ ஒரு சுவர் கட்டியிருக்கிறாய். அந்தச் சுவருக்கு வெளியேதான் இப்போது ஷாலினி நிற்கிறாள்.

நிபந்தனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சத்துணவுக் கூடத்தில் யார் தட்டை நீட்டினாலும் போட்டுவிடலாம், அங்கே பாத்திரம் பெரியது. உங்கள் ஐந்து பேர் பாத்திரம் சின்னது, பார்த்துத்தான் போட வேண்டும். இரண்டு ஆட்டோ வாடகைக்கு விட்டுக்கொண்டு "கஞ்சிக்கே வழியில்ல" என்று அழுகிறவர்களும் நம் தெருவில் உண்டு, எனக்குத் தெரியாதா? ஆனால் உன் நிபந்தனைகள் அவர்களைத் தடுக்காதுடா. அவர்களிடம் எல்லாச் சான்றிதழும் லேமினேஷன் போட்டு இருக்கும். எண்பது சதவீதம் மார்க் வேண்டும் என்கிறாய். எண்பது வாங்கினவனை நாலு பேர் தேடி வந்து சேர்த்துக்கொள்வார்கள், உன் பணம் இல்லாவிட்டாலும் போய்விடுவான். போகலாமா, வேண்டாமா என்று வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறானே அறுபது, எழுபது வாங்கினவன், அவனைத்தான் உன் பணம் உள்ளே தள்ளும். கட்டணம் கட்டிய ரசீதை இணைக்க வேண்டும் என்று வேறு எழுதியிருக்கிறாய். கட்டப் பணம் இருந்தால் அவர்கள் எதற்கு உன்னிடம் வருகிறார்கள்? கொஞ்சம் யோசித்து எழுதக் கூடாதா?

சோற்றுக் கரண்டியோடு நின்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு மாதாமாதம் வங்கிக் கணக்கில் பணம் வரும் என்று ஆனபிறகு, எங்கள் பள்ளிப் பெண்கள் சாப்பாட்டு வரிசையில் பேசுகிற பேச்சே மாறியது. முன்பெல்லாம் பத்தாம் வகுப்பிலேயே "ப்ளஸ் டூ முடிச்சிட்டு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போவேன்" என்பார்கள். இப்போது ஒன்பதாம் வகுப்புக் குட்டி, "மிஸ், நான் பி.எஸ்சி. படிக்கப் போறேன்" என்கிறது. அந்தப் பணம் பெரிய தொகை இல்லை, பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் சரியாகப் போகும். ஆனால் கட்டாயம் வரும் என்று முன்கூட்டியே தெரிகிறது. வீட்டில் பேசும்போது அதைச் சொல்லி வாதாட முடிகிறது. சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லும் பணத்தை நம்பி நம் தெருவில் யாரும் மகளை வேலையிலிருந்து நிறுத்த மாட்டார்கள். ஷாலினி கல்லூரிக்குப் போனால் கட்டணம் மட்டுமா செலவு? இறால் ஷெட்டிலிருந்து அவள் கொண்டுவருகிற கூலியும் அன்றோடு நிற்கும். அதையும் சேர்த்துப் பார்க்கிறவன்தான் உதவுகிறவன்.

எனவே இந்த வேலையை நான் மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். நேற்று பதினோரு மணிக்கு, நாத்தனார் மீன் விற்கப் போயிருக்கிற நேரம் பார்த்து, தேவி வீட்டுக்குப் போனேன். கையில் பேப்பர் எதுவும் எடுத்துப் போகவில்லை. "இன்னாக்கா?" என்றாள், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. உட்கார்ந்து, என் அண்ணன் கதையை அவளிடம் சொன்னேன். உனக்குச் சொல்வதற்கு முன்னால் அவளுக்குச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நாப்பதாயிரம் என்று சொன்ன இடம் வந்ததும் அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். "மூணு மாசமா அவரு ஒரு நாளு கூட போவலக்கா. நான் கூடை தூக்கற காசு பத்தாம, ஷாலினி கூலியிலதான் வூட்ல அடுப்பு எரியுது. இத அவங்க எதிர்ல நான் எப்டி சொல்லுவேன்?" என்றாள். ஷாலினி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் போவாட்டியும் பரவால்ல ஆன்ட்டி, அம்மாவ அழ வைக்காதீங்க" என்றாள். எனக்கு உன்னைப் பார்த்த மாதிரியே இருந்தது. பிறகுதான் வீட்டுக்கு வந்து படிவத்தை எடுத்துக்கொண்டு போய் மூன்று பேருமாக நிரப்பினோம்.

உங்கள் விதிகளில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எதை வேண்டுமானாலும் அடியுங்கள், நீங்கள் படித்தவர்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. யாரிடம் வருமானம் கேட்டாலும் தனியாகக் கேளுங்கள். வாசலில் நின்று கேட்காதீர்கள், நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். இல்லாததைச் சொல்ல ஒரு மனுஷிக்கு நேரம் வேண்டும், கதவும் சாத்தியிருக்க வேண்டும். சத்தமாகக் கேட்டால் மானத்தை விட்டவர்கள் மட்டும்தான் பதில் சொல்வார்கள். மானம் உள்ளவர்கள் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று நீ தேடுகிறாயோ, அவர்கள் இவர்கள்தான்.

ஷாலினியின் விண்ணப்பத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் நாலாவது நிபந்தனையின்படி, இந்த ஆண்டே ப்ளஸ் டூ தேறியவர்களுக்குத்தான் உதவி. அவள் போன வருஷம் தேறியவள், எனவே தள்ளுபடி. மார்க் எழுபத்தொன்று, அதிலும் தள்ளுபடி. சான்றிதழும் இல்லை, ரசீதும் இல்லை. அவளைத் தள்ளுவது என்று ஐந்து பேரும் முடிவு செய்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் அப்படியானால் அதன் பின்னால் குத்தி வைத்திருக்கும் இன்னொரு விண்ணப்பத்தையும் சேர்த்தே தள்ளிவிடுங்கள். அதுவும் நான் நிரப்பியதுதான். பெயர் சரவணன். மார்க் எழுபத்துநாலு. தகப்பனார் தொழில் கடல் தொழில். மாத வருமானம் என்ற இடத்தில், அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை எழுதியிருக்கிறேன்: "நிச்சயமில்லை." படிப்பில் இடைவெளி உண்டா என்ற கட்டத்தில் "ஆம்" என்று டிக் போட்டிருக்கிறேன். காரணம் எழுத நீ இடம் விடவில்லை, அதனால் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: "இவன் அம்மா, தன் அண்ணன் முன்னால் பொய் சொன்னாள்."

இந்தக் கடிதத்தின் கீழே நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் போட்டிருக்கிறேன்.